அடுத்த வளைவு வரையில்



ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் நம் வீடுகள் சிலவற்றில் ஓர் அறைக்கதவு சாத்தியே கிடப்பதைக் காண்கிறோம். தேர்வு முடிவுகள் வெளிவந்து, அண்டை வீட்டார் இனிப்பு வழங்கி ஓய்ந்த பிறகும் அந்தக் கதவு திறப்பதில்லை. வீடு சந்திக்கச் செல்லும் நம்மிடம், "தம்பிக்குத் தலைவலி சாமி, படுத்திருக்கான்" என்கிறாள் தாய். உள்ளே இருப்பவனுக்குத் தலைவலி இல்லை என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். சாத்திய அந்தக் கதவைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விழைகிறோம்.

போடிநாயக்கனூரிலிருந்து மலையை நோக்கிச் செல்லும் சாலை குரங்கணி அடிவாரத்தில் போய் நிற்கிறது. ஒரு பக்கம் மாந்தோப்புகளும் இலவந்தோப்புகளும். மறு பக்கம் கொட்டக்குடி ஆறு. நிமிர்ந்து பார்த்தால் மேகம் தழுவும் மலைச்சரிவு. அப்பகுதியில் வாழும் நம் குடும்பங்களுக்காக மாதம் ஒருமுறை ஒரு வீட்டுத் திண்ணையில் திருப்பலி நிறைவேற்றி வருகிறோம். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பருவமழை தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு மாலையில், திருப்பலி முடிந்து எல்லாரும் கலைந்த பின்னும் ஓர் இளைஞன் மட்டும் திண்ணைத் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். சிறுவனாக இருந்தபோது பீடச்சிறுவனாகப் பணி செய்தவன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவனைப் போன்ற பிள்ளை உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். ஏன், உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

தந்தை ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர். தாய் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குச் செல்பவர். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் இவன்தான். 2018-இல் பொறியியல் படிக்கச் சென்றான். இடையில் 2020-இல் கொள்ளைநோய் வந்தது, கல்லூரிகள் மூடப்பட்டன. கைபேசியில் பாடம் கேட்கச் சொன்னார்கள். அவன் வீட்டில் சமிக்ஞை கிடைக்கவில்லை. மேட்டிலிருந்த ஒரு பாறையின்மேல் ஏறி உட்கார்ந்து, மழை வந்தால் குடையைப் பிடித்துக்கொண்டு பாடம் கேட்டான். 2022-இல் படிப்பு முடிந்தபோது நான்கு பாடங்களில் 'அரியர்' நின்றது. இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே கழிந்தன. அரசுப் பணித் தேர்வை அப்போதுதான் இரண்டாம் முறையாக எழுதிவிட்டு வந்திருந்தான். முடிவு வெளிவருமுன்னரே அவனுக்கு அது தெரிந்துவிட்டது.

"சாமி, ஒண்ணு கேட்கலாமா?" என்றான்.

"கேள் தம்பி."

"நம்ம இதுக்கு லாயக்குதானான்னு உங்களுக்கு எப்பவாவது சந்தேகம் வந்திருக்கா?"

ஆறுதலாக நான்கு வார்த்தை சொல்வது நமக்குப் பழக்கம். நாவு நுனி வரை அவை வந்தும்விட்டன. 'உன்னால் முடியும், நம்பிக்கையோடு இரு' என்று சொல்லி, தலையில் கை வைத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது, அந்த வார்த்தைகளை அவன் ஏற்கெனவே ஆயிரம் முறை கேட்டுச் சலித்திருக்கிறான் என்பது விளங்கியது. ஆகவே உண்மையைச் சொன்னோம். முப்பது ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத உண்மை அது.

1993-ஆம் ஆண்டு நமக்கு வயது இருபத்திரண்டு. தத்துவக் கல்வி முடிந்து, இறையியல் தொடங்குமுன் ஓராண்டு களப்பணிக்காக இதே அடிவாரத்துக்கு அனுப்பப்பட்டிருந்தோம். புறப்படுமுன், நம் ஆசிரியர் ஒருவர் நாம் ஆற்றிய பயிற்சி மறையுரையைக் கேட்டுவிட்டு, இந்தக் குரலை வைத்துக்கொண்டு மக்கள் முன் எப்படி நிற்கப் போகிறாய் என்று வகுப்பிலேயே கேட்டுவிட்டார். அவர் தீய எண்ணத்தோடு கேட்டவரல்லர். ஆயினும் அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாய்த் தைத்து நின்றது. முதலில் குரலைப் பற்றி ஐயம் வந்தது. பிறகு அறிவைப் பற்றி. பிறகு பக்தியைப் பற்றி. இறுதியில், நாம் எதற்குமே தகுதியற்றவர் என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தோம். குருமட அதிபருக்கு விலகல் கடிதம் எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. மகன் குருவாவான் என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்த தாயின் முகம் கண்முன் வந்து வந்து நின்றது.

அந்த நாள்களில் ஒருநாள், மலைமேல் சென்ட்ரல் என்னும் சிற்றூரில் நோயுற்றுக் கிடந்த ஒரு மூதாட்டியைச் சந்திக்க, நம்மை அழைத்துக்கொண்டு உபதேசியார் புறப்பட்டார். அறுபதைக் கடந்தவர், செருப்பணியாத கால்கள், தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு கம்பு. பாதி மலை ஏறியதும் மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் புலப்படவில்லை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். நமக்கு அச்சம் பிடித்துக்கொண்டது.

"இன்னும் எவ்வளவு தூரம் ஐயா?" என்று கேட்டோம்.

அவர் நிற்கவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. "அது எதுக்கு சாமி இப்ப? அந்தா, வளைவு தெரியுதுல்ல. அது வரைக்கும் போவோம். அங்க போனா அடுத்தது தெரியும்" என்றார்.

மூதாட்டியின் குடிசையை அடைந்தோம். செபம் சொல்லத் தொடங்கியபோது, நாம் அஞ்சியவாறே குரல் உடைந்தது. பாதியில் நின்றும் போயிற்று. அந்த அம்மா நம் கையைப் பற்றிக்கொண்டார், விடவேயில்லை. நம் குரல் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்பது அந்தக் குடிசையில் எவர் நினைவிலும் இல்லை. அந்த அரைமணி நேரம் நம் நினைவிலும் இல்லை. திரும்பும் வழியில்தான் சட்டைப் பையிலிருந்த கடிதம் நினைவுக்கு வந்தது.

கதைகளில் வருவதுபோல் அந்தக் கடிதத்தை அன்றே கிழித்துக் காற்றில் பறக்கவிட்டோம் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவன்று. அது இன்னும் இரண்டு ஆண்டுகள் நம் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. பல இரவுகளில் எடுத்துப் படித்தோம். ஒருமுறை தேதியைக்கூடத் திருத்தி எழுதினோம். ஆயினும் ஒவ்வொரு நாளும் ஏதாவதொரு வேலை நம்மைக் கூப்பிட்டது: ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, ஒரு வீட்டில் இழவு, ஒரு தேர்வு. அந்த வேலை முடியட்டும், பிறகு அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டோம். ஒருநாள் தேடியபோது கடிதத்தைக் காணவில்லை. எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. ஐயம் தீர்ந்தபின் நாம் குருவானதில்லை. ஐயத்தோடேயே நடந்தோம், நடந்ததனால் வந்து சேர்ந்தோம். இன்றைக்கும் ஞாயிறு காலை பீடத்துக்கு முன் நிற்கையில் தொண்டை சற்று அடைக்கத்தான் செய்கிறது.

இதையெல்லாம் கேட்ட இளைஞன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க தப்பிச்சுட்டீங்க சாமி. என் பாதைதான் அடைஞ்சு போச்சு" என்றான்.

நாம் மலையைக் காட்டினோம். குரங்கணிக்கு மேலுள்ள மலையுச்சிக்கு டாப் ஸ்டேஷன் என்று ஏன் பெயர் வந்தது தெரியுமா என்று கேட்டோம். அவன் பிறந்து வளர்ந்த ஊர்தான்; ஆயினும் அந்த வரலாறு அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. வாசகர் பலருக்கும் தெரிந்திராது என்பதால் இங்கும் சொல்கிறோம்.

மூணாற்றுத் தேயிலை, கடல் கடந்து செல்வதற்கு முன் நம் போடிக்குத்தான் இறங்கி வந்தது. அதற்காக 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றை அமைத்தார்கள். 1908-இல் அதைக் குறுகிய இருப்புப்பாதையாக மாற்றி இரயில் வண்டியே ஓட்டினார்கள். மூணாற்றிலிருந்து மலையுச்சி நிலையம் வரை இரயில். அங்கிருந்து சரிவில் கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கீழ்நிலையத்துக்கு இறக்குவார்கள். பிறகு போடிக்கு மாட்டுவண்டி. மலையையே வென்றுவிட்டதாக அன்று எண்ணியிருப்பார்கள். 1924-ஆம் ஆண்டு ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. பாலங்களும் தண்டவாளமும் அடித்துச் செல்லப்பட்டன. அந்த இரயில் பாதையை மீண்டும் அமைக்கவேயில்லை. இன்றைக்கு அந்த இரயிலின் பெயர்தான் மிச்சம்.

ஆனால் தேயிலை நின்றுபோயிற்றா? இல்லை. இரயில் ஓடிய வழிக்கும் கம்பிவடம் கட்டி இறக்கினார்கள். பின்னர் சாலைகள் வந்தன. தண்டவாளம் போயிற்றே தவிர, தேயிலை போகவில்லை. இளைஞர்கள் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். தாம் செல்ல எண்ணியிருந்த வழி அழிந்தால், தாமே அழிந்துவிட்டதாகக் கருதிவிடுகிறார்கள். வழி வேறு, சரக்கு வேறு என்பதை அந்த வயதில் எவரேனும் அருகிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு கணக்கையும் பார்ப்பது நன்று. அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024 ஜூனில் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. அதாவது ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். விண்ணப்பித்த அனைவருமே கெட்டிக்காரர்களாக இருந்திருந்தாலும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்கள். இருக்கைகளின் எண்ணிக்கை செய்த முடிவை, தன் பிறவியின் மீது எழுதிய தீர்ப்பாக ஒரு பிள்ளை எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய அநியாயம்! தேர்வு எழுத வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எழுதட்டும், ஆனால் அந்த ஒரே தண்டவாளத்தின்மேல் உயிரையே ஏற்றிவிட வேண்டாம் என்கிறோம்.

தமிழ் படித்தவர்கள் அனைவரும் அறிந்த ஓர் இளைஞரின் கதையையும் அவனிடம் சொன்னோம். 1880-ஆம் ஆண்டு, கும்பகோணம் அரசினர் கல்லூரியில் ஒருவர் புதிதாகத் தமிழாசிரியராகச் சேர்ந்தார். வயது இருபத்தைந்து. அவரை வளர்த்து ஆளாக்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இலேயே மறைந்துவிட்டார்; அப்போது இந்த மாணவருக்கு இருபத்தொரு வயதுகூட நிரம்பவில்லை. அரும்பாடுபட்டு இந்த வேலைக்கு வந்திருந்தார். அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் என்ன என்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று கேட்டார். இளைஞர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீண்ட பட்டியலை ஒப்பித்தார். முதலியார் சற்றும் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றே கேட்டார். இளைஞர் அதன் ஏட்டைக்கூடப் பார்த்ததில்லை. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த கல்வியெல்லாம் ஒரே நாளில் ஒன்றுமில்லாததாய்த் தோன்றினால் ஒருவருக்கு எப்படி இருக்கும்?

அந்த இளைஞர்தான் உ.வே. சாமிநாதையர். அவர் செய்தது என்ன? தமக்குத் தகுதி உண்டா, இல்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. கிடைத்தால் படிப்பேன் என்று நூலை வாங்கிப் பிரித்தார். பிரித்தும் பொருள் விளங்கவில்லை. அது சமண நூல். சமயக் கருத்துகள் அவருக்குப் புதியவை. குடந்தையில் வாழ்ந்த சமணர்களின் இல்லத்துக்குச் சென்று, தெரியாதவற்றைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கேட்டுக் கேட்டுக் கற்றார். ஏடுகளைத் தேடி ஊர் ஊராக விசாரித்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அதன்பின் 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவர் கையால் வெளிவந்தன. 1880-இல் அவருக்கு இவற்றில் எதுவும் தெரிந்திராது. அன்று அவருக்குத் தெரிந்ததெல்லாம், விளங்காத ஓர் ஏடும், அதைக் கேட்டறியப் போக வேண்டிய ஒரு வீடும்தான். நம் பிள்ளைகள் எல்லாரும் சாமிநாதையர் ஆக வேண்டியதில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லி ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் துணிவு எல்லாருக்கும் கைகூடக்கூடியதே.

இருட்டிவிட்டது. விடைபெறும் வேளையில்தான் அவன் மெல்லிய குரலில் அந்தச் சொல்லைச் சொன்னான். "சில நாள் ராத்திரி, இருக்கவே வேணாம்னு தோணுது சாமி."

நாம் மறுபடியும் உட்கார்ந்தோம். உபதேசம் எதுவும் செய்யவில்லை. "அப்படித் தோன்றுவதை நம்மிடம் சொன்னாயே, அதற்கு நன்றி தம்பி. இன்றிரவு நீ தனியாக இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னோம். அவனோடு அவன் வீட்டுக்குச் சென்று, அவன் சம்மதத்தோடு தாய் தந்தையிடம் பேசினோம். மறுநாள் காலை மூவருமாகத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று மனநல மருத்துவரைக் கண்டோம். சாமியாரே மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறாரே, செபம் செய்தால் போதாதா என்று வியந்தவர்களும் உண்டு. காலொடிந்தவனுக்காகச் செபிக்கிறோம்; கட்டுப் போடவும் அழைத்துச் செல்கிறோம். மனம் நொந்தவனுக்கு மட்டும் ஏன் வேறு வழக்கு?

பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். தன்னைப் பற்றிய ஐயம் இளமைக்கு இயல்பு, அது நோயன்று. ஆனால் பிள்ளைக்கு வாரக்கணக்கில் தூக்கமும் உணவும் குன்றினால், நண்பர்களை அடியோடு விலக்கினால், தன் பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுத்தால், தான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று விளையாட்டாகச் சொன்னாலும்கூட, அதைத் திட்டாதீர்கள், தட்டிக் கழிக்காதீர்கள். நேரடியாகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் வளர்ந்துவிடாது, பாரம்தான் குறையும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் நடுவண் அரசு தொடங்கிய 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டு அரசின் 104 என்னும் எண்ணும் உண்டு. இவற்றை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

அன்றிரவு அந்த வீட்டில் கேட்ட இரண்டு பேச்சுகள் நம் நினைவை விட்டு நீங்கவில்லை. தந்தை, "இவன் வயசுல நான் ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன் சாமி. எனக்கு இந்தச் சந்தேகமெல்லாம் வந்ததே இல்ல" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. அவர் வயதில் அவருக்கு ஒரே வழிதான் இருந்தது: விடியற்காலை ஜீப். மகனுக்கு நாற்பது வழிகளைக் காட்டி, எதில் போனாலும் முதலிடம் வாங்க வேண்டும் என்கிறோம். வழி ஒன்றானால் உழைப்புத்தான் கடினம். வழிகள் பலவானால் தேர்ந்தெடுப்பதே ஒரு பாரம். தந்தைக்கு அதை எடுத்துச் சொன்னோம். அவர் தலைகுனிந்து கேட்டார்.

தாய் பேசியது வேறு. நாள் முழுதும் ஏலக்காய் சலிக்கும் கைகள் அவருடையவை. மகனைப் பார்த்தே சொன்னார்: "சல்லடையில எட்டு மில்லி காய் மேல நிக்கும், சின்னக் காய் கீழ விழுகும்யா. கீழ விழுந்த காய யாரும் கெட்ட காய்னு சொல்றதில்ல. அதுக்கும் அதே வாசம்தான். அதுக்கும் வாங்க ஆள் வருது." அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாம் குருமடத்தில் பயின்ற நூல்களில் இதைவிடத் தெளிவாக இக்கருத்தைக் கண்டதில்லை. சல்லடை அளவைத்தான் பார்க்கும். வாசத்தைப் பார்க்க அதனால் ஆகாது.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் பேருந்தில் அவனிடம் ஒரு கேள்வி கேட்டோம். 2018 மார்ச் 11-ஆம் நாளைப் பற்றிய கேள்வி அது. குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவி, மலையேற வந்திருந்த இளைஞர்களும் இளம்பெண்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நம் பகுதியில் எவர் மறப்பார்? செய்தி கேட்டதும் சரிவை நோக்கி ஓடிய ஊர்மக்களில் இவனும் ஒருவன். அப்போது வயது பதினேழு.

"அன்று நீ மேலே போனாயே, உனக்குத் தகுதி உண்டா என்று யோசித்தாயா?"

"எல்லாரும் போனாங்க சாமி. தண்ணி வேணும்னாங்க. தூக்கிட்டுப் போனேன்" என்றான். சிறிது நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்துவிட்டு, "அப்ப என்னைப் பத்தி நினைக்க நேரமே இல்ல" என்றான்.

நாம் சொல்ல வந்ததும் அதுவே. நான் யார், எதற்குத் தகுதியானவன் என்னும் கேள்விகளுக்கு மூடிய அறைக்குள் விடை கிடைப்பதில்லை. எவ்வளவு உற்று நோக்கினாலும் அங்கே தெரிவது அந்தக் கேள்வி மட்டுமே. ஒருவர் தண்ணீர் வேண்டும் என்று கேட்கும்போது, குடத்தைத் தூக்கும் தோளில்தான் விடையின் ஒரு சிறு பகுதி தெரிகிறது. முழு விடை அப்போதும் தெரியாது. அடுத்த அடி வைக்கப் போதுமானது தெரியும். தாம் சிறுவன், பேசத் தெரியாதவன் என்று சொல்லித் தயங்கிய எரேமியாவை இறைவன் அந்தத் தயக்கம் தீரும் வரை காத்திருக்கச் சொல்லவில்லை. தயக்கத்தோடேயே அனுப்பினார், துணையாகத் தாமும் சென்றார்.

அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். ஆட்சியராகவில்லை, வெளிநாடும் போகவில்லை. சில மாதங்கள் மருந்து உட்கொண்டான். மருத்துவரை இன்றும் இடையிடையே பார்க்கிறான். போடியில் ஓர் ஏலக்காய் வணிகரிடம் கணக்கெழுதும் வேலை. நான்கு பாடங்களில் இரண்டை முடித்துவிட்டான், இரண்டு பாக்கி. சனிக்கிழமை மாலைகளில் அதே திண்ணையில் அடிவாரத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான். சென்ற மாதம் கண்டபோது, "சந்தேகம் போயிருச்சா?" என்று கேட்டோம். "போகல சாமி. ஆனா காலைல எந்திரிச்சு வேலைக்குப் போயிடறேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவன் தாய் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தாள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இருபது வயதில் திகைத்து நின்றால், இன்னும் எவ்வளவு தூரம் என்று அவனை விரட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் வளைவைக் காட்டுங்கள். இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு வேலை, சந்திக்கக்கூடிய ஒரு மனிதர், முடிக்கக்கூடிய ஒரு பாடம், அவ்வளவு போதும். சோறு உண்ணக் கூப்பிடுவதை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இளைஞர்களே, நம் மலையின் ஏலச்செடியைப் பார்த்திருப்பீர்கள். விதை நாற்றாகி, நாற்று நடப்பட்டு, காய் காணச் சில ஆண்டுகள் பிடிக்கும். செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் பூப்பது உச்சியிலன்று. அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில்தான் பூவும் காயும். நிமிர்ந்து பார்ப்பவனுக்கு இலை மட்டுமே தெரியும். குனிந்து பார்ப்பவனே காயைக் காண்பான். உங்களுக்குள்ளும் அப்படி ஏதோ ஒன்று கண்ணில் படாமல் வளர்ந்துகொண்டிருக்கக்கூடும். அதைக் காணும் வரை, பனி விலகட்டும் என்று காத்திராமல், தெரிகிற வளைவு வரையில் நடந்து வாருங்கள். தனியாக நடக்க அச்சமானால் வந்து கதவைத் தட்டுங்கள். இந்த வயதான கால்களும் உங்களோடு அவ்வளவு தூரம் வரும்.